ஐரோப்பிய நதியில் சொகுசுக் கப்பல்: தலைக்கு நாலு லட்சம் கொடுத்து எதை வாங்குகிறோம்?

மொபைலில் இந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீளமான வெள்ளைக் கப்பல் ஒன்று சத்தமில்லாமல் நகரும். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், இன்னொரு பக்கம் மலை மேல் இடிந்த கோட்டை. மேல்தளத்தில் காபிக் கோப்பையோடு ஒரு ஜோடி. பெட்டியை ஒரே தடவை பிரித்தால் போதும், ஊர்கள் உங்களைத் தேடி வரும் என்கிற தொனியில் கீழே ஒரு வாசகம். சம்பளம் ஏறிய மாதத்தில் பார்த்தால் கை தானாக 'சேவ்' பொத்தானுக்குப் போகும்.

விலை? டான்யூபிலோ ரைனிலோ ஏழு இரவுப் பயணத்துக்கு ஒரு நபருக்கு 3,000 டாலர் என்பது சாதாரணம். சீசனும் அறையும் பொறுத்து இரட்டிப்பாகவும் ஆகும். விமானம், விசா, காப்பீடு, கைச்செலவு எல்லாம் சேர்த்தால் தலைக்கு நாலு லட்சத்தை நெருங்கிவிடும். கல்யாண நாளுக்கு ஜோடியாகப் போகலாமா, ஓய்வு பெற்ற அப்பா அம்மாவை அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள் இப்போது நிறைய பேர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மோசமான பயணம் இல்லை. சிலருக்கு இதைவிட நல்ல பயணமே கிடையாது. ஆனால் விளம்பரம் விற்பது பழைய ஊர்களை. நாம் உண்மையில் வாங்குவது அலைச்சல் இல்லாத ஒரு வாரத்தை. இரண்டும் ஒரே சரக்கு என்று நினைத்துப் பணம் கட்டும்போதுதான் சிக்கல்.

எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி இருக்கே, ஏன்?

எந்த நிறுவனத்தின் படத்தைப் பார்த்தாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். காரணம் வடிவமைப்பாளரின் ரசனை இல்லை. மத்திய ஐரோப்பாவின் நதிகளில் நெடுக 'லாக்' எனப்படும் நீர்ப்பூட்டுகள் உண்டு. கப்பலை ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் நிறுத்தி, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். தண்ணீரால் ஆன லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான வழித்தடத்தில் இந்தத் தொட்டிகளின் அகலம் 12 மீட்டர். அதனால்தான் பெரிய நதிக் கப்பல் என்றால் நீளம் 135 மீட்டர், அகலம் 11.45 மீட்டர் என்று எல்லாரும் ஒரே அளவில் கட்டுகிறார்கள். தொட்டிக்குள் நிற்கும்போது சுவருக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம்.

இந்தத் தொழிலே இப்படி வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு கால்வாய் இருக்கிறது. ரைனையும் டான்யூபையும் இணைக்க வேண்டும் என்ற ஆசை ரொம்பப் பழசு. 793-லேயே மன்னர் சார்லமேன் ஆட்களை விட்டுத் தோண்டிப் பார்த்தார். 1846-ல் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் ஒரு கால்வாயை முடித்தே காட்டினார். அதற்குள் ரயில் வந்து அதைத் தின்றுவிட்டது. இன்று கப்பல்கள் போகும் ரைன்-மைன்-டான்யூப் கால்வாய் திறக்கப்பட்டது 1992-ல்தான். பாம்பெர்க் முதல் கெல்ஹைம் வரை 171 கி.மீ., 16 நீர்ப்பூட்டுகள். வழியில் கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரம் வரை கப்பல் ஏறி இறங்குகிறது.

நேரத்தைக் கவனியுங்கள். இரும்புத்திரை விழுந்து மூணே வருஷத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வழியாகக் கருங்கடல் வரைக்கும் ஒரே நீர்வழி. சரக்குக்காகக் கட்டிய கால்வாயை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது சுற்றுலா. 1997-ல் நாலு ரஷ்யக் கப்பல்களோடு ஆரம்பித்த வைக்கிங் நிறுவனம் 2024-ல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது என்றால் இதில் எவ்வளவு பணம் புரள்கிறது என்று புரியும்.

சரி, இந்த 11.45 மீட்டரால் பயணிக்கு என்ன? நிறைய இருக்கிறது. அந்த அகலத்துக்குள் நடுவே ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள். ஆகவே பெரும்பாலான அறைகள் 200 சதுர அடிக்குள் அடங்கிவிடும். 'பிரெஞ்சு பால்கனி' என்று போட்டிருந்தால் பால்கனி என்று நம்பிவிடாதீர்கள். அது கம்பி வைத்த ஒரு கண்ணாடிக் கதவு, திறக்கலாம், ஆனால் வெளியே கால் வைக்க இடம் இருக்காது. கீழ்த்தளத்து அறைகளில் ஜன்னல் மேலே சின்னதாக, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். விலை குறைவாகத் தெரிகிற அறை பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று, பழைய பாலங்கள் தாழ்வானவை. அதற்காகக் கப்பலோட்டியின் அறையே ஹைட்ராலிக்கில் கீழே இறங்கும். மேல்தளத்து நிழற்கூரையை மடிப்பார்கள், சில பகுதிகளில் அந்தத் தளத்தையே நாள் கணக்கில் மூடிவைப்பதும் உண்டு. ரீலில் பார்த்தோமே காபிக் கோப்பை, அது அந்தத் தளத்தில்தான்.

கரையில் நிறுத்த இடம் குறைவு என்பதால் கப்பல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி இரண்டு, மூன்று வரிசையாகக் கட்டுவார்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய ஜன்னலைக் காலையில் திறந்தால் இரண்டடி தூரத்தில் பக்கத்துக் கப்பல்காரர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். எந்த விளம்பரத்திலும் இந்தக் காட்சி வராது.

ஊருக்குள் இருப்பது எத்தனை மணி நேரம்?

பெரும்பாலும் அரை நாள். காலை எட்டரைக்குக் காதில் ஒரு ஒலிபெருக்கிக் கருவியை மாட்டிக்கொண்டு வழிகாட்டியின் பின்னால் இரண்டு மணி நேர நடை. பிறகு கொஞ்சம் சொந்த நேரம். மதியச் சாப்பாடு கப்பலில் இலவசம் என்பதால் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். மாலையில் கப்பல் புறப்படும். அடுத்த ஊருக்கான பயணம் பல நாட்களில் இரவில்தான். நதியைப் பார்க்கத்தான் வந்தோம், நாம் தூங்கும்போது நதி போய்விடுகிறது. ரைன் பள்ளத்தாக்கையும் ஆஸ்திரியாவின் வாக்காவ் பகுதியையும் மட்டும் அனேகமாகப் பகலில் கடப்பார்கள். அந்த மணி நேரங்கள் உண்மையிலேயே அருமை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியின் பாசாவ் ஊரை எடுத்துக்கொள்வோம். டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடுகிற இடம். மலைச்சுண்ணாம்பு கலந்து வெளிறிய நிறத்தில் இன், பழுப்பு நிறத்தில் டான்யூப், காட்டுக்குள்ளிருந்து வரும் கருநிற இல்ஸ். முனையில் நின்றால் மூன்று நிறமும் கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடுவது தெரியும். புனித ஸ்டீபன் பேராலயத்தில் 17,974 குழாய்கள் கொண்ட ஆர்கன் இருக்கிறது. கோடைக்காலத்தில் வார நாட்களின் மதியம் அதில் அரை மணி நேரக் கச்சேரி. கப்பல் பயணிகள் இதையெல்லாம் பார்ப்பார்கள், குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஊரின் உண்மையான கதை நகர மன்றத்தின் சுவரில் இருக்கிறது. எந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் டான்யூப் அங்கே 12.89 மீட்டரைத் தொட்டது. 1501-க்குப் பிறகு அந்த ஊர் அப்படியொரு வெள்ளத்தைப் பார்த்ததில்லை. தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் அந்தக் கோடு. ஊர்க்காரர்கள் ஏன் இன்னமும் ஆற்றங்கரையில் குடியிருக்கிறார்கள், தரைத்தளத்தில் என்ன வைக்கிறார்கள், மறுபடி வந்தால் என்ன திட்டம் என்று கேட்க ஒரு சாயங்காலம் அங்கே இருக்க வேண்டும். குழு நடையில் அந்தச் சுவருக்கு மூணு நிமிஷம்தான்.

டுர்ன்ஸ்டைன் இன்னும் சின்ன ஊர். ஆயிரம் பேர்கூட இல்லை. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-ல் பிடித்து இந்த ஊர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு முக்கியத் தெரு, அதன் இரண்டு பக்கமும் ஆப்ரிகாட் ஜாம் விற்கிற கடைகள். இங்கே ஒரே காலையில் மூன்று கப்பல் வந்தால் கணக்குப் போடுங்கள். ஒரு கப்பலில் 150 முதல் 190 பேர். ஐநூறு பேர் அந்தத் தெருவில் நடந்து, ஆளுக்கொரு ஜாம் பாட்டில் வாங்கி, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவார்கள். ஊருக்குக் கிடைப்பது படகுத்துறைக் கட்டணம், வழிகாட்டிகளின் சம்பளம், ஜாம் காசு. உணவகத்துக்கும் விடுதிக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. தங்காத விருந்தாளியால் ஊர் வளராது. கூட்டம் மட்டும்தான் வளரும்.

இதைப் பணக்கார ஊர்களின் சிணுங்கல் என்று தள்ளிவிட முடியாது. நதிக் கப்பல்கள் அதிகமாக வந்து நிற்கும் ஊர்களில் ஒன்றான ஆம்ஸ்டர்டாம், அவற்றின் எண்ணிக்கையை 2028-க்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பது என்று 2024-ல் முடிவெடுத்தது. கப்பலில் வந்து போகும் பயணிக்கு அந்த ஆண்டு 14 யூரோ நாள் வரி. என்னைக் கேட்டால் அது நியாயம்தான். நிறுத்தியிருக்கும்போது டீசல் ஜெனரேட்டர் ஓடினால் புகையைச் சுவாசிப்பது கரையில் குடியிருப்பவர்தானே. கரையிலிருந்தே மின்சாரம் கொடுக்கும் வசதியைச் சில ஊர்கள் கட்டிவருகின்றன. எல்லா இடத்திலும் இன்னும் வரவில்லை.

பயணத்திட்டத்தில் ஊர்ப் பெயரைப் பார்க்கும்போது வரைபடத்தையும் பாருங்கள். பிராக் டான்யூப் கரையில் இல்லை, 'டான்யூப் பயணத்தில்' பிராக் என்றால் பேருந்தில் பல மணி நேரம். சால்ஸ்பர்க்கும் அப்படித்தான். வியன்னாவில் பல கப்பல்கள் நிற்பது ரைக்ஸ்ப்ரூக்கே பாலத்தின் பக்கம், பழைய நகரத்துக்கு யு1 மெட்ரோ பிடிக்க வேண்டும். புடாபெஸ்ட் மட்டும் விதிவிலக்கு. நகரத்தின் நடுநெஞ்சில் கப்பலைக் கட்டுவார்கள். இரவில் விளக்குகள் எரியும் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதற்கு ஈடு இல்லை.

அதே புடாபெஸ்ட்டில் 2019 மே 29 இரவு நடந்ததையும் மறக்கக் கூடாது. ஒரு பெரிய நதிக் கப்பல் மோதியதில் ஹப்லியான் என்ற சிறிய சுற்றுலாப் படகு சில நொடிகளில் மூழ்கியது. படகில் இருந்த 35 பேரில் பிழைத்தது 7 பேர். பயணிகள் எல்லாரும் தென்கொரியர்கள். பெரிய கப்பலின் கேப்டனுக்கு 2023-ல் ஐந்தரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெரிய கப்பலில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நதியில் தண்ணீர் இல்லாவிட்டால்?

பணம் கட்டுவதற்கு முன் நிஜமாகவே யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான். விற்பனை அழைப்பில் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

ரைனில் கௌப் என்று ஒரு சின்ன ஊர். ஆற்றின் நடுவே தீவில் ஒரு கோட்டை, அழகான இடம். ஆனால் கப்பல்காரர்களுக்கு அந்த ஊர் என்றால் நீர்மட்டக் கருவிதான் ஞாபகம் வரும். ரைனின் நடுப்பகுதியில் ஆழம் குறைந்த இடம் அது. 2018 அக்டோபரில் அந்தக் கருவி 25 செ.மீ. காட்டியது. 25 செ.மீ. என்றால் முழங்கால் அளவுத் தண்ணீர் என்று அர்த்தம் இல்லை. கப்பல் போகும் தடத்தின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் அதிகம். ஆனாலும் ஒன்றரை மீட்டர் வரை தண்ணீருக்குள் அமிழும் கப்பலுக்கு அது போதாது. 2022 ஆகஸ்ட்டிலும் மட்டம் 30 செ.மீ. பக்கம் இறங்கியது. அதே மாதம் செர்பியாவின் பிராஹோவோ அருகே டான்யூப் வற்றி, 1944-ல் ஜெர்மன் படை தானே மூழ்கடித்துவிட்டுப் போன போர்க்கப்பல்களின் எலும்புக்கூடுகள் வெளியே தெரிந்தன. வெடிமருந்தோடு.

மறுபக்கம் வெள்ளம். 2024 செப்டம்பரில் போரிஸ் புயல் கொட்டிய மழையில் ஆஸ்திரியப் பகுதி டான்யூபில் கப்பல் போக்குவரத்து நின்றது. மட்டம் ஏறினால் கப்பல் பாலத்துக்குக் கீழே நுழையாது, இறங்கினால் தரை தட்டும்.

அப்போது என்ன செய்வார்கள்? தடைப்பட்ட பகுதிக்கு இந்தப் பக்கம் ஒரு கப்பல், அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு கப்பல். நடுவே பேருந்து. பயணிகளும் பெட்டிகளும் மாறிக்கொள்வார்கள். அது முடியாவிட்டால் கப்பல் ஒரே இடத்தில் நிற்கும், தினமும் பேருந்தில் ஊர் பார்த்துவிட்டு வந்து தூங்கலாம். ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில், நீர்மட்டம் காரணமாகத் திட்டத்தை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று பொதுவாக எழுதியிருக்கும். அதற்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதியிருப்பது அரிது. சில சமயம் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருவார்கள். நாலு லட்சம் சேர்த்து வாழ்க்கையில் ஒரு தடவை போகிறவருக்கு 'அடுத்த பயணம்' என்பதே ஒரு கிண்டல்.

அணை கட்டி ஆழத்தை நிலைநிறுத்தினால் ஆச்சே என்று தோன்றலாம். பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங், ஃபில்ஸ்ஹோஃபன் ஊர்களுக்கு இடையே சுமார் 70 கி.மீ. தூரம் டான்யூப் தடுப்பணை இல்லாமல் இயல்பாக ஓடுகிறது. கப்பல்கள் அதிகம் சிக்குவதும் அங்கேதான். அதையும் பூட்டிவிட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. ஊர்க்காரர்களும் சூழலியலாளர்களும் விடவில்லை. 2013-ல் தடுப்பணை இல்லாமலே தடத்தை மேம்படுத்துவது என்று பவேரிய அரசு முடிவெடுத்தது. சரியான முடிவு என்பேன். ஒரு கப்பல் மூணு நாள் காத்திருப்பதற்காக மிச்சமிருக்கும் உயிருள்ள ஆற்றையும் தொட்டியாக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்தக் காத்திருப்பின் செலவு பயணியின் தலையில் மட்டும் விழுவது சரியில்லை. மே, ஜூனுக்கும் செப்டம்பருக்கும் ஒரே விலை போடுகிற நிறுவனம் அந்த இடர்ப்பாட்டில் பாதியையாவது சுமக்க வேண்டாமா?

நம்ம பாஸ்போர்ட்டுக்குச் சில விஷயங்கள்

அமெரிக்க, பிரிட்டிஷ் பயணிகளுக்காக எழுதிய குறிப்புகளில் இது இருக்காது. டான்யூபின் கீழ்ப்பகுதிப் பயணங்கள் பெல்கிரேடில் நிற்கும். செர்பியா ஷெங்கன் பகுதியில் இல்லை. ஹங்கேரியிலிருந்து செர்பியாவுக்குள் கப்பல் நுழைந்ததும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். அடுத்து ருமேனியா, பல்கேரியா. இரண்டும் 2025 ஜனவரி முதல் முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. ஆகவே ஒரு தடவை மட்டும் நுழையக்கூடிய விசா கையில் இருந்தால் பாதிப் பயணத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு விண்ணப்பியுங்கள். எந்த நாட்டுத் தூதரகத்தில்? அதிக நாட்கள் எங்கே செலவாகிறதோ அங்கே. அதற்குக் கப்பல் எந்த இரவு எந்த நாட்டில் நிற்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இந்திய முகவர் மூலம் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும் பணம்தான், ஆனால் முதலில் கையிலிருந்து போகும். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் கட்டும் அன்று கேளுங்கள். தனியாகப் போகிறவருக்கு இரண்டு பேர் அறைக் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தலையில் கட்டும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. சைவம் என்றால் ஏறும் நாளில் சொல்லிப் பிரயோஜனமில்லை, பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்.

அப்போ யார் போகலாம்?

அறுபது தாண்டியவர்கள். தினமும் பெட்டியைத் தூக்கி ரயில் மாற முடியாதவர்கள். இவர்களுக்கு இந்தக் காசு வீண் இல்லை. ஒரே படுக்கை, ஒரே கழிவறை, தெரிந்த முகங்கள், நேரத்துக்குச் சாப்பாடு. அப்பா அம்மாவை அனுப்புவதாக இருந்தால் இரண்டு விஷயம் மட்டும் விசாரியுங்கள். லிஃப்ட் எல்லாத் தளத்துக்கும் போகிறதா? பல கப்பல்களில் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் போகாது. அடுத்தடுத்துக் கட்டிய கப்பல்களைத் தாண்டிக் கரைக்குப் போகும்போது எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்? முழங்கால் வலிக்காரருக்கு அதுவும், பழைய ஊர்களின் கருங்கல் பதித்த தெருக்களும்தான் பெரிய சோதனை.

முப்பது வயதில் கால் நன்றாக இருப்பவர் ஏன் இதற்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. அதே ரைன் பள்ளத்தாக்கில் கோப்லென்ஸ், ரூடஸ்ஹைம் இடையே கே.டி. நிறுவனத்தின் பகல் கப்பல்கள் ஓடுகின்றன. 1826-லிருந்து இருக்கும் கம்பெனி. ஒரு நாள் டிக்கெட் எடுத்தால் பிடித்த ஊரில் இறங்கலாம். அலுத்தால் ஆற்றின் இரண்டு கரையிலும் ரயில். ஜெர்மனியின் மாதச் சந்தாப் பயணச்சீட்டு 2026-ல் 63 யூரோ, அந்த உள்ளூர் ரயில்கள் எல்லாம் அதில் அடங்கும். வாக்காவில் மெல்க் முதல் க்ரெம்ஸ் வரை பகல் கப்பல். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு டான்யூபிலேயே அதிவேகப் படகு, 75 நிமிடம். சைக்கிள் ஓட்டுவீர்கள் என்றால் பாசாவிலிருந்து வியன்னா வரை ஆற்றை ஒட்டியே பாதை, அதிகம் ஏற்றமும் கிடையாது. பெட்டியை அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய் வைக்க ஆள் இருக்கிறார்கள். பாசாவில் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். சாயங்காலம் கப்பல்கள் புறப்பட்டுப் போன பிறகு அந்த ஊர் வேறு ஊர்.

இல்லை, கப்பல்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். ஊர்ப் பட்டியல் நீளமாக இருக்கும் பயணத்தைவிட, நிற்கும் நேரம் அதிகமாக இருக்கும் பயணத்தை எடுங்கள். முடிந்தால் மே அல்லது ஜூன். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான தேதி மட்டுமே கிடைத்தால், ஜெர்மன் நீர்வழித் துறையின் 'எல்விஸ்' தளத்தில் கௌப் நீர்மட்டம் தினமும் வரும், இலவசம். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பார்த்து வாருங்கள். 80 செ.மீ.க்குக் கீழே இறங்கி, மழையும் இல்லை என்றால், முகவரை நாம்தான் முதலில் அழைக்க வேண்டும். அவராக அழைக்க மாட்டார்.